எந்த அளவையால்?

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் பல உள்ளன. அவற்றுள் திருவிளக்கைப் பற்றியவை பெரும்பாலும் ஒரே முறையில் அமைந்தவை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் இடையர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். பெற்றவர் அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். மந்தை பெருகினும் அருகினும் நெய்யின் அளவு மாறாது.

இவ்வளவு எழுதினால் போதும் என்று நமக்குத் தோன்றலாம். ஆயின் எழுதுவித்தோர் அவ்வாறு எண்ணவில்லை. அந்த நெய் 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய அளவையால் அளக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே கல்லில் பொறித்தனர். உழக்கு என்பது எல்லா ஊரிலும் வழங்கும் சொல். உழக்கின் கொள்ளளவோ ஊருக்கு ஊர் வேறுபடும். எந்த அளவையால் என்று குறிக்காமல் 'ஓர் உழக்கு' என்று மட்டும் சொன்னால், அளப்பவன் சிறிய உழக்கைத் தேடுவான். பெறுபவன் பெரிய உழக்கைத் தேடுவான். இந்த உலகியலை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

புதுக்கோட்டை மாவட்டத்து மாணவர்கள் கல்வெட்டைக் காணத் தஞ்சைக்குச் செல்ல வேண்டுவதில்லை. நார்த்தாமலை, குடுமியான்மலை, திருக்கட்டளை முதலிய ஊர்களில் கோயிற்சுவர்களே ஏடுகளாக நிற்கின்றன. அவற்றில் உழக்கும் உரியும் நாழியும் வரும் இடங்களை ஆசிரியர் துணையுடன் தேடிப் பார்க்கலாம். இப்பெயர்கள் இறந்துபட்டனவும் அல்ல. பாட்டியார் இன்றும் அரிசியை ஆழாக்கால்தான் அளப்பார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பெரும்பாலும் பாதியும் இரட்டையுமாக ஏறிச் செல்வதால், கையில் ஒரே கலயம் உடையவனும் கணக்கைப் பிழையின்றிப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. அழகிய முறைதான். எனினும் பட்டணம் படி வேறு, சின்னப்படி வேறு, பெரியபடி வேறு என்று படிகள் பலவாகப் பிரிந்து நின்றமையால், சந்தைக்குச் சென்ற உழவன் வாய் திறக்குமுன் "எந்தப் படி?" என்று கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு முறைகளுக்கு நடுவே வாழ்வது புதுக்கோட்டையார்க்குப் புதிதன்று. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட இந்நாடு 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதுவரை ஆங்கிலேயரின் ரூபாயும் அணாவும் வழங்கிய அதே கடைத்தெருவில் அம்மன் காசு என்னும் சிறிய செப்புக் காசும் வழங்கியது. ஒரு கையில் அணாவும் மறு கையில் அம்மன் காசுமாகக் கடைக்குச் சென்ற சிறுவன் மனக்கணக்கில் தேறாமல் வீடு திரும்பியிருக்க முடியாது!

ஆங்கிலேயர் நாணயத்தை மட்டும் கொண்டுவரவில்லை. காலன், பைண்ட், அவுன்ஸ் என்னும் முகத்தல் அளவைகளும் அவர்களுடன் வந்தன. மண்ணெண்ணெய் நான்கு காலன் கொண்ட சதுரத் தகர டின்னில் வந்தது. பெட்ரோல் காலனில் விற்றது. மருத்துவமனையில் மருந்து அவுன்சில் கொடுக்கப்பட்டது. அந்நாளில் நோயாளியே வீட்டிலிருந்து புட்டி கொண்டு செல்ல வேண்டும். கம்பவுண்டர் அதில் கலவை மருந்தை ஊற்றி, புட்டியின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதத் துண்டு ஒன்றை ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்தக் காகிதத்தைப் பார்த்துக் குழந்தைக்கு மருந்து கொடுத்தாள். அவுன்ஸ் என்றால் என்ன என்று அவள் அறிய வேண்டிய தேவையே எழவில்லை. அளவை, பயன்படுத்துவோர் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் அதன் பெயர் எம்மொழியில் இருந்தாலும் கேடில்லை என்பதற்கு அக்காகிதத்தினும் சிறந்த சான்றை நான் கண்டதில்லை.

காலன் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டனில் 1824ஆம் ஆண்டுச் சட்டம், 62 பாகை பாரன்ஹீட் வெப்பத்தில் பத்துப் பவுண்டு எடையுள்ள தூய நீர் அடங்கும் கொள்ளளவே காலன் என்று வரையறுத்தது. அது 4.546 லிட்டருக்குச் சமம். ஆனால் அமெரிக்கர் அதற்குமுன் இங்கிலாந்தில் வழங்கிய, 231 கன அங்குலம் கொண்ட பழைய திராட்சைமதுக் காலனையே கைவிடாமல் வைத்துக்கொண்டனர். அது 3.785 லிட்டர்தான். பிரிட்டிஷ் காலனில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு. ஐந்து பிரிட்டிஷ் காலனும் ஆறு அமெரிக்கக் காலனும் ஏறக்குறைய ஒன்றாகும். காலன் சிறிதாயின் அவுன்சும் சிறிதாகத்தானே இருக்கும் என்று எண்ணினால் அதுவும் தவறு. பிரிட்டிஷ் காலனில் 160 அவுன்ஸ். அமெரிக்கக் காலனில் 128 அவுன்ஸ். ஆகவே பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.4 மில்லிலிட்டர், அமெரிக்க அவுன்ஸ் 29.6 மில்லிலிட்டர். காலனில் சிறியவர் அவுன்சில் பெரியவராகிவிட்டார்! ஆடவல்லான் என்று பெயர் பொறித்த கல்தச்சன் இதனைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டான்.

இக்குழப்பத்துக்கு விடையாகப் பிரான்சு நாட்டில் 1795இல் லிட்டர் பிறந்தது. பக்கத்துக்குப் பத்துச் சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரப் பெட்டியில் அடங்குவது ஒரு லிட்டர். அதில் தண்ணீரை நிரப்பினால் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். நீளம், கொள்ளளவு, எடை ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் கைகோத்து நிற்பதே இம்முறையின் சிறப்பு. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. தொடர்ந்து லிட்டரும் கடைக்கு வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2009ஆம் ஆண்டுச் சட்ட அளவியல் சட்டம். எண்ணெயையோ பாலையோ விற்கும் வணிகர் தம் விலையை மெட்ரிக் அலகில்தான் சொல்ல வேண்டும். பழக்கத்தால் உழக்கு, காலன் என்று கணக்கெழுதி விற்றால் அது குற்றம்.

இனி, ஓர் அளவையை மற்றோர் அளவையாக மாற்றும்போது நேரும் பிழை எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு உடன் கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

1983ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள். கனடா நாட்டில் மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்கு ஏர் கனடா நிறுவனத்தின் 143ஆம் எண் விமானம் புறப்பட வேண்டியிருந்தது. அந்நாடு அப்போது பழைய அளவைகளை விட்டு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. விமானமும் கிலோகிராமில் எரிபொருளைக் கணக்கிடும் புதிய விமானம். எரிபொருள்மானி பழுதுபட்டிருந்தமையால் கோல் கொண்டு தொட்டியை அளந்தனர். இருந்தது 7,682 லிட்டர். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். ஒரு லிட்டர் எரிபொருள் 0.803 கிலோகிராம் எடையுள்ளது. ஆகவே இருந்தது ஏறத்தாழ 6,169 கிலோகிராம். இன்னும் வேண்டியது ஏறத்தாழ 16,131 கிலோகிராம். அதாவது சுமார் 20,000 லிட்டர்.

ஆனால் அன்று கணக்கிட்டவர்கள் 0.803 என்னும் எண்ணுக்கு மாறாக 1.77 என்னும் எண்ணால் பெருக்கினர். 1.77 என்பது தவறான எண் அன்று. ஒரு லிட்டர் எரிபொருளின் எடையைப் பவுண்டில் சொல்லும் எண் அது. நெடுநாள் பழகிய எண்ணுங்கூட. 7,682ஐ 1.77ஆல் பெருக்க 13,597 வந்தது. அது பவுண்டு; அவர்களோ அதைக் கிலோகிராம் என்று கொண்டனர். 22,300இலிருந்து அதைக் கழித்து, மீதியை 1.77ஆல் வகுத்து, ஏறத்தாழ 4,900 லிட்டர் ஊற்றினால் போதும் என்று முடிவு செய்தனர். பெருக்கல் சரி; கழித்தல் சரி; வகுத்தல் சரி. வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் விமானம் வானில் ஏறியது.

நடுவானில், 41,000 அடி உயரத்தில் பறந்தபோது, எந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. விமானத்தில் இருந்தவர்கள் 69 பேர். விமானி பாப் பியர்சன் எந்திரமில்லா மிதவை விமானம் ஓட்டிப் பழகியவர். அவரும் துணை விமானி மாரிஸ் குவின்டலும் அப்பெரிய விமானத்தைப் பருந்துபோல் மிதக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்டிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினர். அன்று அத்தளத்தில் காரோட்டப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது! உயிரிழப்பு எதுவும் இல்லை.

தேர்வில் விடைத்தாள் திருத்தும்போது, "எண் சரி, அலகு எழுதவில்லை, அரை மதிப்பெண் குறைவு" என்று ஆசிரியர் குறித்தால் மாணவர் சிலர் முகம் சுளிப்பர். அவர்கள் இந்த 13,597ஐ நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

கனடாவை விட்டு அறந்தாங்கிக்கு வருவோம். நான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கியதே இங்குள்ள ஒரு பெரியவரின் சொல்லால்தான்.

காவிரியின் கல்லணையிலிருந்து பிரியும் கல்லணைக் கால்வாய் மேட்டூர்த் திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்டது. அணையும் கால்வாயும் 1934இல் பயனுக்கு வந்தன. தஞ்சை, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளைக் கடந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் மும்பாலை ஏரியில் அது முடிகிறது. ஆகவே இம்மாவட்டத்து உழவர்கள் கடைமடை உழவர்கள். தலைமடையில் திறந்த நீர் எல்லாப் பாசனமும் போக, கசிவும் ஆவியும் போக, எஞ்சியதே அவர்களை வந்தடையும்.

அறந்தாங்கிக்கு அருகே வாய்க்கால் கரையில் நின்ற முதியவர் ஒருவரிடம், "ஐயா, இவ்வாண்டு நீர் எவ்வளவு வருகிறது?" என்று கேட்டேன்.

"தம்பி, செய்தித்தாளில் இத்தனை கன அடி திறந்தார்கள் என்று நாள்தோறும் போடுகிறார்கள். என் பேரன் படித்துக் காட்டுவான். எனக்கு அது விளங்காது. வாய்க்காலில் இறங்கி நிற்பேன். முழங்கால் நனைந்தால் நாற்று விடுவேன், கணுக்கால் நனைந்தால் வீட்டுக்குத் திரும்புவேன்" என்றார் அவர்.

அவர் அளவை அவருக்குப் பிழையற்றது. ஆனால் முழங்காலை வைத்துக்கொண்டு அவர் எந்த அலுவலகத்திலும் கணக்குக் கேட்க முடியாது. திறந்தது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று ஒப்பிட்டுக் காட்டவும் முடியாது. கேட்க வேண்டியவரின் கையில் அளவை இல்லை. அளவை உடையவரிடம் கேட்பாரும் இல்லை. இதனையே நான் குறை என்கிறேன்.

செய்தித்தாளில் வரும் கன அடி என்பது என்ன? பக்கத்துக்கு ஓரடி உள்ள பெட்டியில் அடங்கும் நீர் ஒரு கன அடி, 28.3 லிட்டர். பிரிட்டிஷ் காலனில் ஆறேகாலுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் '10,000 கன அடி நீர் திறப்பு' என்று எழுதும்போது 'வினாடிக்கு' என்னும் சொல்லைப் பலர் விட்டுவிடுகின்றனர். அச்சொல் இன்றேல் 10,000 கன அடி என்பது 2,83,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் இருபத்து நான்கில் ஏற்றிவிடலாம். அச்சொல் இருந்தால் அது ஒவ்வொரு வினாடியும் அவ்வளவு நீர். ஓர் ஆற்றுக்கும் ஒரு குட்டைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.

வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் 86,400 கன அடி. அது ஏறத்தாழ 24 இலட்சத்து 46 ஆயிரம் லிட்டர். அந்நீர் வீணாகாமல் வயலில் பரவினால் 24 ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நிற்கும். அதையே குடிநீராகக் கொள்வோம். 2019இல் தொடங்கிய சல் சீவன் திட்டம் சிற்றூரில் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்துள்ளது. அவ்வாறாயின் வினாடிக்கு ஒரு கன அடி என்பது 44,000 பேருக்கு ஒரு நாளைய நீர். இதை அறிந்த பேரன் தாத்தாவுக்குச் செய்தித்தாளை வேறு முறையில் படித்துக் காட்டுவான் அல்லனோ?

டி.எம்.சி. என்பதும் இத்தகையதே. நூறு கோடி கன அடிக்கு அப்பெயர். லிட்டரில் 2,832 கோடி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரி வழக்கில் 2007இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டியது 192 டி.எம்.சி. என்று வகுத்தது. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை 177.25 என்று குறைத்தது. மேடையில் பேசுவோர் பலர் புள்ளிக்குப் பின்னுள்ள 25ஐ விழுங்கிவிட்டு, "177" என்றே முடிப்பர். கால் டி.எம்.சி. தானே என்பது அவர்கள் எண்ணம். அந்தக் கால் டி.எம்.சி. 708 கோடி லிட்டர். நாளுக்கு 55 லிட்டர் வீதம் மூன்றரை இலட்சம் மக்களுக்கு ஓராண்டு முழுதும் வரும். சில்லறை என்று தள்ளத்தக்கதா அது?

ஆகவே என் கருத்து இது. உழக்கு எண்ணெய் விற்கும் கடைக்காரர் லிட்டரில் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்ட நாம், ஆற்று நீரைப் பற்றிய அறிவிப்பிலும் கன அடிக்கு அருகே மெட்ரிக் அளவையும் வெளியிடச் செய்தல் வேண்டும். கால்வாயின் மதகுகள்தோறும் உள்ள அளவுக்கோலின் பக்கத்தில் ஒரு பலகை நாட்டி, கோலில் இவ்வளவு உயரம் நீர் நின்றால் வினாடிக்கு இத்தனை லிட்டர் ஓடுகிறது என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் வேண்டும். கம்பவுண்டரின் காகிதப் பல் செய்த வேலையை அப்பலகை செய்யும்.

பொறியாளர் நண்பர் ஒருவர் இதனை மறுத்தார். அவர் மறுப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. "சென்னை மாகாணமும் மைசூரும் 1924இல் செய்த உடன்படிக்கை முதல் இன்றைய தீர்ப்பு வரை எல்லாம் கன அடியில் உள்ளன. நூறாண்டுப் பதிவேடுகளை ஒப்பிட வேண்டுமானால் பழைய அலகே ஏற்றது. மேலும் லிட்டரில் எழுதினால் பூச்சியங்கள் பெருகும். மேட்டூரில் இரண்டு இலட்சத்து அறுபத்து நாலாயிரம் கோடி லிட்டர் என்றால் யாருக்கு விளங்கும்?" என்றார்.

பூச்சியங்களைப் பற்றி அவர் சொன்னது உண்மை. அணைக்கு லிட்டர் பொருந்தாது. கலத்தால் அளக்க வேண்டிய நெல்லை ஆழாக்கால் அளப்பார் உண்டோ? அணைக்குக் கன மீட்டர் உண்டு. ஆயிரம் லிட்டர் ஒரு கன மீட்டர். மேட்டூர் ஏறத்தாழ 265 கோடிக் கன மீட்டர் கொள்ளும். ஊர்க் கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் லிட்டர் போதும். பதிவேடுகளைக் கிழித்தெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் இன்னும் ஒரு பத்தி கூடட்டும் என்கிறேன். 1924இல் எழுதியவர்க்குக் கன அடி பள்ளியில் படித்த அளவை. இன்று பள்ளியில் படிக்கும் மாணவருக்கு அது அயல் அளவை. அணை யாருக்காகக் கணக்குச் சொல்கிறதோ அவர்களுடைய அளவையில் சொல்லட்டும்.

அதுவரை மாற்றும் பொறுப்பு மாணவர்களுடையது. அதற்கு நீண்ட வாய்பாடு வேண்டுவதில்லை, 28.3 என்னும் ஓர் எண் போதும். அறந்தாங்கிப் பெரியவரின் பேரன் எட்டாம் வகுப்பில் படிப்பவன். நான் விடைபெறும்போது அவனிடம் இந்த எண்ணைச் சொன்னேன். அவன் அன்றைய செய்தித்தாளின் ஓரத்தில் பெருக்கத் தொடங்கினான். முதலில் தசமப் புள்ளியை ஓரிடம் தவறாக வைத்தான். பின்பு தானே கண்டு திருத்தினான். தாத்தா அருகில் அமர்ந்து, "அது திறந்த கணக்கு. நம் மதகுக்கு எவ்வளவு வந்தது என்று அதில் போட்டிருக்கிறதா, பார்" என்றார். பேரன் தாளை முன்னும் பின்னும் புரட்டினான். அதில் அந்த எண் இல்லை.